ஏழு மணிச் சாப்பாடு

தேவகிருபைக்கு வந்த வியாதியின் பெயரைச் சொல்லவே அந்த வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. ஹயாட்டஸ் ஹெர்னியா என்று டாக்டரம்மா சீட்டில் எழுதியிருந்தார். அதில் ஹெர்னியாவை மட்டும் பிடித்துக்கொண்டு அவள் புருஷன் தேவப்பிரியம் ஆஸ்பத்திரி வாசலிலேயே முகத்தைச் சுளித்தார். வண்ணாரப்பேட்டையில் அரிசி, பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறவர் அவர். அவருக்குத் தெரிந்த ஹெர்னியா, மூட்டை தூக்குகிற ஆட்களுக்கு அடிவயிற்றில் வருவது.

"மூட தூக்குதவனுக்குக் குடல் இறங்கும், கேட்டிருக்கேன். கல்லாவுல இருக்கவன் பொண்டாட்டிக்கு எப்படிட்டி வரும்? அதுவும் மேல ஏறியிருக்குன்னுலா சொல்லுதாவ!"

"நானா ஏத்திவிட்டேன்?" என்றாள் கிருபை.

டாக்டரம்மா படம் போட்டே காட்டியிருந்தார். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்க உள்ளே ஒரு தசைத் திரை இருக்கிறதாம். அதில் ஒரு ஓட்டை. சாப்பாடு இறங்குகிற குழாய் அதன் வழியாகத்தான் கீழே போகிறது. கிருபைக்கு அந்த ஓட்டை தளர்ந்துபோய், இரைப்பையின் மேல்முனை அது வழியாக நெஞ்சுக்குள் எட்டிப் பார்க்கிறது. அதனால்தான் படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வருகிறது, நெஞ்சு காந்துகிறது, விடிகிறவரைக்கும் இருமல் நிற்பதில்லை. மாரடைப்பு என்று பயந்து இரண்டு தடவை இ.சி.ஜி. எடுத்ததெல்லாம் வெட்டி வேலை.

"மூணு மாசம் பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா. "மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதிப் பாதி நீங்க செய்யணும். எடை குறையணும், நடக்கணும், மூச்சுப் பயிற்சி பண்ணணும். முக்கியமா ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குள்ள முடியணும். சாப்பிட்டு மூணு மணி நேரத்துக்கு அப்புறம்தான் படுக்கை. இவ்வளவு செஞ்சும் கேக்கலைன்னா ஆபரேஷன் பண்ண வேண்டியதுதான்."

கிருபைக்கு மற்றதெல்லாம் காதில் விழுந்ததோ என்னவோ, கடைசிச் சொல் விழுந்தது. அவளுடைய அக்கா பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறிப் போனவள். பதினேழாம் நாள் பெட்டியில்தான் திரும்பி வந்தாள். அந்தப் பெட்டிக்குள் அக்காவின் தலைமுடியைச் சீவிவிட்டவள் கிருபை. கத்தி மேலே படாமல் இந்த வியாதியைத் தீர்த்துவிட வேண்டும், எத்தனை பத்தியமானாலும் சரி, எத்தனை நடையானாலும் சரி என்று அன்றைக்கே அவள் மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

பெண்பிள்ளை ஒன்றை முடிவு செய்துவிட்டால் சும்மா இருப்பாளா? மறுநாளே ஆரம்பித்தாள்.

முதலில் கட்டில். தலைமாட்டை அரை அடி உயர்த்தச் சொல்லியிருந்தார்கள். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், வயிறு மடங்கக் கூடாது, கட்டிலே சாய்வாக இருக்க வேண்டும் என்று சட்டம். செங்கல் வைக்கலாம் என்றாள். தேவப்பிரியம் கடையில் சும்மா கிடந்த பழைய இரும்பு எடைக்கற்களைக் கொண்டுவந்து தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே கொடுத்தார். நல்ல மனுஷன்தான், யார் இல்லையென்றது? ஆனால் இரண்டு நாள் கழித்து, காலையில் எழுந்திருக்கும்போது தான் கால்மாட்டில் சுருண்டு கிடப்பதாகவும், இடுப்பு கழன்று போய்விட்டதாகவும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். வியாதிக்காரியைவிட வியாதிக்காரியின் புருஷனுக்கு ஊரில் அனுதாபம் கூடிப்போனது.

அடுத்தது பாவாடை நாடா. வயிற்றை இறுக்கிக் கட்டினால் இரைப்பை மேலே தள்ளுமாம். முப்பது வருஷமாக இறுக்கிக் கட்டிய இடத்தில் இடுப்பில் கறுப்பாகத் தடமே விழுந்திருந்தது. நாடாவைத் தளர்த்தினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் திருவிருந்துக்கு வரிசையில் போகும்போது கொசுவம் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. ஒரு கையால் அப்பத்தை வாங்கி, ஒரு கையால் புடவையைப் பிடித்துக்கொண்டு அவள் திரும்பி வந்த கோலத்தைச் சபை முழுக்கப் பார்த்தது. பின்வரிசையில் இருந்த ஆன்சி, "கிருபைக்கா, கையில என்ன சுளுக்கா?" என்று கேட்டாள். அக்கறையாம் அக்கறை!

நடை இன்னொரு கூத்து. ராயபுரம் கல்மண்டபத்து வீட்டிலிருந்து கடற்கரைச் சாலைக்குப் போய் நடக்கலாம் என்று காலை ஆறு மணிக்குக் கிளம்பினாள். அங்கே துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் வரைக்கும் வால் நீட்டிக்கொண்டு நின்றன. புகையும் தூசியும் மூக்கில் ஏற, நடந்ததைவிட இருமியது அதிகம். மூன்றாம் நாள் நடையை மொட்டைமாடிக்கு மாற்றிக்கொண்டாள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நாற்பது சுற்று. துணி காயப்போட வந்த வீட்டுவேலைக்காரி கெங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாம்மா இது, செக்கு மாடு கணக்கா சுத்திக்கினு கீற? தல கிர்ர்னு சுத்தல?"

"சுத்தத்தான் செய்யுது. ஆப்பரேசனுக்கு இது தேவலாம்" என்றாள் கிருபை, நிற்காமல்.

பிசியோதெரபி சொல்லிக்கொடுக்க ஜெனி என்று ஒரு பெண் வாரம் ஒரு நாள் வந்தாள். தண்டையார்பேட்டைப் பெண், கண்டிப்பானவள். மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றில் ஒரு கை, நெஞ்சில் ஒரு கை வைத்துக்கொண்டு மூச்சு விடச் சொன்னாள்.

"நெஞ்சுக் கை அசையக் கூடாது ஆன்ட்டி. வயித்துக் கை மட்டும் ஏறி எறங்கணும். அந்தத் திரை தசைதானே? இது அதுக்கு எக்சர்சைஸ். வெறும் வயித்துல செய்யணும். யாராவது தொப்பை குறைய எந்திரிச்சு எந்திரிச்சு உக்காரச் சொன்னா கேக்காதீங்க, அது வயித்தை அமுக்கும்."

கிருபைக்கு இத்தனை வயதில் மூச்சு விடவே தெரியவில்லை என்று ஆகிப்போனது. முதல் வாரம் நெஞ்சுதான் ஏறியது. இரண்டாம் வாரம் இரண்டும் ஏறின. மூன்றாம் வாரம் வயிறு மட்டும் பொதபொதவென்று ஏறி இறங்கியபோது அவளுக்கு ஆனந்தக் கண்ணீர் வராத குறை. காப்பியை விட்டாள். புளிக்குழம்பை விட்டாள். தக்காளிச் சட்னி, புதினா, எண்ணெயில் பொரித்த மீன், எல்லாம் போனது. ராயபுரத்தில் குடியிருந்துகொண்டு பொரித்த மீனை விடுவதென்றால் சும்மாவா? பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கிற வாசனை வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரு சங்கீதம் வாசித்தாள்.

ஏழு மணிச் சாப்பாட்டையும் அவள் தவறவிடவில்லை. ஆறே முக்காலுக்கு இட்லிச் சட்டி இறங்கிவிடும். மூன்று இட்லி, காரமில்லாத பருப்புச் சட்னி. தனியாக உட்கார்ந்து, தனக்குத் தானே ஜெபம் செய்து, மென்று தின்பாள். அந்த வீட்டில் ஆம்பளை சாப்பிடுவதற்கு முன்னால் பொம்பளை சாப்பிட்டதாகச் சரித்திரம் கிடையாது. முதல் நாள் இட்லியைப் பிட்டபோது திருடித் தின்கிற மாதிரி அவளுக்குக் கை கூசியது. போகப் போகப் பழகிப்போனது.

தேவப்பிரியம் வீட்டுக்கு வருவது ஒன்பதரை மணிக்கு. அவர்மேலும் குற்றம் சொல்ல முடியாது. சில்லறைக் கடைக்காரர்களெல்லாம் சரக்கெடுக்க வருவதே சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பதுக்குள்தான். வந்து, குளித்து, குடும்ப ஜெபம் முடித்துத் தட்டில் உட்காருவார். தனியாக உட்கார மாட்டார். பதிமூன்று வயதில் தெற்கே நாசரேத் என்கிற ஊரிலிருந்து ரயிலேறி மாமன் கடைக்கு வேலைக்கு வந்தவர். பன்னிரண்டு வருஷம் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றபடி தனியாகத் தின்றவர். கல்யாணமான அன்றைக்கே கிருபையிடம் சொல்லிவிட்டார்: "செத்தாலும் இனி நான் தனியாத் திங்க மாட்டேன். நீ கூட இருந்தாத்தான் எனக்குச் சோறு இறங்கும்." அந்த வார்த்தையை இருபத்தெட்டு வருஷமாக அவள் கழுத்துச் சங்கிலியைப் போலப் போற்றிவந்தாள். மகன் ஜெஸ்வின் பெங்களூருக்கு வேலைக்குப் போனபிறகு, கூட உட்கார அவளைவிட்டால் ஆள் கிடையாது.

ஆகவே பத்து மணிக்கு அவளும் ஒரு தட்டோடு உட்கார்ந்தாள். வெறும் தட்டை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தால் அவர் கை நின்றுவிடும். "நீ திங்கலியா? அப்ப எனக்கும் போதும்" என்பார். எனவே ஒரு இட்லி. பேச்சு வளர்ந்தால் இரண்டு. அவர் முகம் வாடியிருந்தால் மூன்று. தோசை வார்க்கிற நாளில் முறுவலாக ஒன்றை அவரே பாதி பிய்த்து அவள் தட்டில் போடுவார்.

மூன்று மாதம் முடிந்து டாக்டரம்மாவிடம் போனார்கள். கிருபை பரீட்சைக்கு நன்றாகப் படித்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எடை பார்க்கும் மெஷினில் ஏறினாள். நர்ஸ் பெண் எண்ணைப் படித்தாள். கிருபை கீழே இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் ஏறினாள். செருப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூன்று கிலோ கூடியிருந்தது.

டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார். "இருமல்?"

"இருக்கு டாக்டர்."

"தூங்கும்போது தண்ணி மேல வருதா?"

"முன்னவிட ஜாஸ்தி" என்றாள் கிருபை.

"நடக்கிறீங்களா?"

"நாப்பது சுத்து."

"கட்டில்?"

"அஞ்சு கிலோ கல்லு வச்சிருக்கோம்" என்றார் தேவப்பிரியம். "எனக்குத்தான் இடுப்பு போச்சு."

"ராத்திரி சாப்பாடு?"

"ஆறே முக்கால். ஒரு நாள் கூடத் தவறல டாக்டர், வேதத்து மேல சத்தியம்" என்றாள் கிருபை. அழுகை வந்துவிடும் போல இருந்தது. எல்லாவற்றையும் விட்டு, எல்லாவற்றையும் செய்து, கடைசியில் பலன் மூன்று கிலோவா? எந்தக் கடவுளுக்கு அடுக்கும் இது? அக்காவின் பெட்டி கண்முன் வந்து நின்றது.

டாக்டரம்மா பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே யோசித்தார். அப்போது தேவப்பிரியம், மனைவிக்குச் சாதகமாக நாலு வார்த்தை சொல்வோமே என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"ரொம்ப கட்டுப்பாடா இருக்கா டாக்டர். முன்னாடியெல்லாம் என்கூட உக்காந்தா அஞ்சு இட்லி திம்பா. இப்பல்லாம் பத்து மணிக்கு ரெண்டோ மூணோதான்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"எத்தனை மணிக்கு?"

"பத்து, பத்தேகாலு."

"ஆறே முக்காலுக்கே சாப்பிட்டதா இப்பத்தானே அவங்க சொன்னாங்க!"

"ஆமா, அது சாப்பாடு" என்றார் தேவப்பிரியம், விளங்காமல்.

"அப்ப பத்து மணிக்கு?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிருபைதான் பதில் சொன்னாள். "அது சாப்பாடு இல்ல டாக்டர். இவிய கூடச் சும்மா உக்காருறது."

பொய் சொல்லவில்லை, ஐயா. சத்தியமாக அவள் அதைக் கணக்கில் சேர்த்ததே இல்லை. இருபத்தெட்டு வருஷமாக அது அவளுக்குப் பசிக்குத் தின்கிற சோறாகவே இருந்ததில்லையே, எப்படிச் சேர்ப்பாள்?

டாக்டரம்மா சிரிக்கவா கோபப்படவா என்று தடுமாறினார். பிறகு கோபத்தையே தேர்ந்தெடுத்தார். "வயித்துக்கு அதெல்லாம் தெரியாதும்மா. நீங்க மூணு மாசமா ராத்திரி ரெண்டு தடவை சாப்பிட்டிருக்கீங்க. சாப்பிட்ட கையோட போய்ப் படுத்திருக்கீங்க. இன்னும் ஆறு வாரம் தரேன். ஏழு மணிக்கு மேல தண்ணி தவிர ஒரு வாய் கூடாது. அப்புறமும் இப்படியே இருந்தா ஆபரேஷனுக்கு நாள் குறிக்கிறதுதான். ஒண்ணு மட்டும் ரெண்டு பேரும் நல்லா கேட்டுக்கோங்க. ஆபரேஷன் பண்ணாலும் இதே ஏழு மணிதான். வாழ்நாள் முழுக்க."

ஆட்டோவில் திரும்பும்போது தேவப்பிரியம், "ஒரு இட்லிக்கு இம்புட்டு பேச்சா!" என்றார். கிருபை வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் ஆட்டோக்காரன் இறக்கிவிட்டிருப்பான்.

அன்றைக்கே ஆரம்பித்தது சனியன். பத்து மணிக்கு அவருக்கு மட்டும் தட்டு வைத்தாள். எதிரே வெறுங்கையோடு உட்கார்ந்தாள். அவர் ஜெபம் செய்தார், ஒரு இட்லியைத் தின்றார், இரண்டாவதைப் பிட்டு வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். கோபமில்லை, சண்டையில்லை. "இறங்கல" என்றார், அவ்வளவுதான். மறுநாளும் ஒன்றரை இட்லி. அதற்கடுத்த நாள் சப்பாத்தி செய்தாள், அவருக்குப் பிடித்த முட்டைக் குழம்போடு. ஒரு சப்பாத்தி. "ஏங்க, டி.வி.ய போட்டுக்கிட்டுச் சாப்பிடுங்களேன்" என்றாள். "டி.வி. என்ன எம் பொண்டாட்டியா?" என்றார். வேறு யார் சொன்னாலும் அதைக் கேட்டு உருகிப்போகலாம். கிருபைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏழு மணிக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் போகலாமே என்று கேட்டுப் பார்த்தாள். "ஏழு மணிக்குக் கல்லாவ விட்டுட்டா? கோட்டி புடிச்சிருக்கா உனக்கு?" என்றார்.

காலையில் பாத்திரம் துலக்க வந்த கெங்கம்மா, மிஞ்சியதைப் பார்த்துவிட்டுத் தலையிலடித்துக்கொண்டாள். "இன்னாம்மா, அய்யா நேத்தும் துண்ணலியா? என்னாண்ட வுடு ஒரு வாரம். நம்ம வூட்டு ஆளு எப்ப வர்றான், எப்ப துண்றான், யாருக்குத் தெரியும்? சட்டில கீது, போட்டுத் துண்ணுன்னுட்டு நா பாட்டுக்கு இஸ்துப் போத்திக்கினு தூங்கிடுவேன்."

"அவியளுக்குத் தனியா இறங்காதாம் கெங்கம்மா."

"ஐய்ய! தொண்டைல இன்னா, பூட்டா போட்டுக் கீது?"

அந்தக் கேள்வி கிருபைக்குள் முள்ளாகத் தைத்தது. ஆனாலும் என்ன செய்ய? மூன்று வாரத்தில் அவளுடைய இருமல் பாதியாகக் குறைந்தது. புளித்த தண்ணீர் வருவது நின்றேபோனது. இரண்டு கிலோ இறங்கியது. இரைப்பை தன் இடத்துக்குப் போகிறதோ இல்லையோ, அவள் விடியும்வரை தூங்கினாள். அந்தச் சந்தோஷத்தை ஒரு நாளாவது அனுபவிக்க விட்டார்களா? தேவப்பிரியத்துக்குக் கன்னம் ஒட்டிப்போனது. சட்டை தொளதொளத்தது. கோயில் வாசலில் ஆன்சி பிடித்துக்கொண்டாள்.

"அக்கா தேறிட்டிய, அண்ணன் மெலிஞ்சிட்டாவள. வீட்ல கவனிக்கலியாக்கா?"

பக்கத்தில் நின்ற தேவப்பிரியம் மறுத்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமா இல்லையா? பரிதாபமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கிருபைக்கு உச்சந்தலைவரை எரிந்தது. இது வயிற்றிலிருந்து வந்த எரிச்சல் இல்லை, மாத்திரைக்குக் கேட்காது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "எனக்காவ ஒரு மாசம் தனியா சாப்பிட முடியாதா உங்களால? நான் காப்பிய விட்டேன், மீன விட்டேன், செக்கு மாடு மாதிரி சுத்துதேன். உங்கள என்ன செய்யச் சொன்னேன்? திங்கத்தானே சொன்னேன்!"

தேவப்பிரியம் கட்டிலில் உட்கார்ந்து, ரொம்பவும் யோசித்தவர் போல, அன்பாகவே சொன்னார். "நானும் பாத்துட்டேன் கிருபை. என்னால ஆவல. பேசாம ஆப்பரேசனப் பண்ணிருவோம். நல்ல ஆஸ்பத்திரியா பாப்போம், எம்புட்டு ஆனாலும் பரவால்ல. அதுக்கப்புறம் பழையபடி சேந்து சாப்பிடலாம்லா?"

கிருபை அவரையே பார்த்தாள். டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னதை அவர் கேட்கவே இல்லை. அக்காவின் பெட்டியைத் தூக்கிய நாலு பேரில் ஒருவர் அவர். அதுவும் ஞாபகமில்லை. தனியாக நாலு இட்லி தின்பதற்கு இவள் வயிற்றைக் கிழிப்பது சுலபமாகத் தெரிகிறது மனுஷனுக்கு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்.

அவள் சண்டை போடவில்லை. அழவுமில்லை. இரவெல்லாம் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள்.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு இட்லி அவித்தாள். அடுக்கு கேரியரில் ஏழு இட்லி, சட்னி, பொடி எல்லாம் வைத்து மூடினாள். நல்ல புடவையாக எடுத்துக் கட்டி, தளர்ந்த கொசுவத்தில் இரண்டு ஊக்கைக் குத்தினாள். கல்மண்டபத்திலிருந்து கடைக்கு இருபது நிமிஷ நடை. தெருவெல்லாம் ஆட்டோவும் மீன்பாடி வண்டியும் மோதிக்கொண்டு நின்றன. ஒருவரையும் பார்க்காமல் நேரே நடந்தாள்.

கடையில் அது கூட்டம் நெரிகிற நேரம். சரக்கெடுக்க வந்தவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். மூட்டை இறக்குகிற ஆட்கள் நாலைந்து பேர். உள்ளே கணக்குப்பிள்ளை சுப்புராஜ் பில் போட்டுக்கொண்டிருந்தார். கல்லாவில் தேவப்பிரியம், வெள்ளைச் சட்டையில், ராஜா மாதிரி. வருஷப் பிறப்பு ஜெபத்துக்குத் தவிர அந்தக் கடைக்குள் கிருபை கால் வைத்ததில்லை. அவளைப் பார்த்ததும் அவர் பதறி எழுந்தார்.

"என்ன ஆச்சு? ஜெஸ்வினுக்கு ஏதும்..."

"அவன் நல்லாருக்கான்" என்றாள் கிருபை. சுப்புராஜ் பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துக் கல்லாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். கேரியரைத் திறந்தாள். கல்லா மேசைமேல் இரண்டு தட்டை வைத்தாள். ஒன்றில் நாலு இட்லி, ஒன்றில் மூன்று. பொடியில் எண்ணெய் ஊற்றிக் குழைத்தாள். எள் வாசனை கடை முழுக்கப் பரவியது.

"என்னட்டி செய்யுத?" தேவப்பிரியத்தின் குரல் கீழே இறங்கிவிட்டது.

"ஏழாகப் போவுது. எனக்குச் சாப்பிடணும். உங்களுக்கும் தனியா இறங்காது. ஜெபம் பண்ணுங்க, சேந்து சாப்பிடுவோம்."

"இங்கனயா? யாவாரம் நடக்குத இடத்துலயா?"

"நீங்க வீட்டுக்கு வர முடியாது. அதான் நான் வந்துட்டேன். நாளைக்கும் வருவேன், மறுநாளும் வருவேன். எனக்கு நடந்த மாதிரியும் ஆச்சு."

வாசலில் நின்றவர்களில் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். மூட்டையைத் தோளில் வைத்திருந்த ஆள், இறக்கவும் மறந்து நின்று பார்த்தான். சுப்புராஜ் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, வேணும்னா நான் செத்த நேரம் கல்லாவப் பாத்துக்கிடட்டா?" என்றார், ரொம்ப மரியாதையாக.

தேவப்பிரியத்தின் முகம் சிவந்தது. "சும்மா இரும்யா!" என்று அவர்மேல் பாய்ந்தார். பிறகு கிருபை பக்கம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "எல்லாவனும் பாக்கானுவ. எடுத்து வையி" என்றார்.

கிருபை கண்ணை மூடி, தானே வாய்க்குள் ஜெபத்தைச் சொல்லிவிட்டு, முதல் இட்லியைப் பிட்டாள். வாயில் போட்டு நிதானமாக மென்றாள்.

"கிருபை, வீட்டுக்குப் போ. நான் பத்து மணிக்கு வந்து சாப்பிட்டுக்கிடுதேன்."

"யாரு கூட?"

"யாரும் வேண்டாம். நானே எடுத்துப் போட்டுத் தின்னுக்கிடுதேன். நீ பாட்டுக்குப் படுத்துக்கோ. கூட உக்காரக்கூட வேண்டாம், போதுமா?"

"இறங்குமா?"

"இறங்கும், இறங்கும். நாலு இட்லியும் இறங்கும். சத்தியமாச் சொல்லுதேன். நீ போ மொதல்ல."

ஜெயித்துவிட்டாள். இனி கத்தி இல்லை, பெட்டி இல்லை. இன்னும் மூன்று வாரத்தில் டாக்டரம்மா முன்னால் நிமிர்ந்து உட்காரலாம். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் கிருபைக்குச் சந்தோஷம் வரவில்லை. அவள் இருமி இருமி எழுந்து உட்கார்ந்த ராத்திரிகளிலெல்லாம் இறங்காத சோறு, நாலு பேர் பார்க்கிறார்கள் என்றதும் ஒரு நிமிஷத்தில் இறங்குகிறதே! இதை அல்லவா அவள் பாசம் என்று நம்பி, பத்து மணிக்குப் பத்து மணி, பசியில்லாத வயிற்றில் போட்டு அடைத்தாள்.

"இத மொத மாசமே சொல்லியிருந்தா எனக்கு மூணு கிலோ மிச்சம்லாங்க" என்றாள்.

அவர் வாசலைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாக நின்றார்.

கிருபை எழுந்திருக்கவில்லை. அவருடைய தட்டைக் கேரியரில் கவிழ்த்து மூடி ஓரமாக வைத்தாள். தன் தட்டைக் கிட்டே இழுத்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் நடுவில், மீதி இருந்த இரண்டு இட்லியையும் தின்று முடித்தாள்.